சின்ன வெங்காயம்: வாங்குவது, வைப்பது, சமைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குச் சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம். வெங்காயம் போட்டு, வெங்காயம் விற்று, வெங்காயத்தாலேயே கடன்பட்டு அதே வெங்காயத்தால் கடன் அடைத்த வீடு எங்களுடையது. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகுதான் அதைக் காசு கொடுத்து வாங்கப் பழகினேன். ஒரு கிலோ வாங்கி வந்து பாதியை அழுகலென்று குப்பையில் போடுகிறவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். உரிக்கச் சலித்துக்கொண்டு பல்லாரியிலேயே, அதாவது பெரிய வெங்காயத்திலேயே, சாம்பார் வைக்கிறவர்களும் அதிகம். அக்கம்பக்கத்தில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சின்ன வெங்காயம் என்பது பெரிய வெங்காயத்தின் சிறிய காய்தானே?

இல்லை. இரண்டும் ஒரே குடும்பம்தான், ஆனால் வளரும் விதம் வேறு. பெரிய வெங்காயத்தை விதையிலிருந்து நாற்று விட்டு நடுவார்கள், ஒரு நாற்றுக்கு ஒரு காய். சின்ன வெங்காயத்தில் பெரும்பாலும் காயையே ஊன்றுவோம். ஊன்றிய ஒரு காய் மண்ணுக்குள் பிரிந்து நாலைந்து காய், நல்ல நிலமானால் எட்டு காய் வரை ஒரே கொத்தாக நிற்கும். கடையில் வாங்கும்போது அடியில் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு வருகிறதே, அதுதான் அந்தக் கொத்து. விதையிலிருந்தும் சின்ன வெங்காயம் எடுக்கலாம். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 5 ரகம் அப்படி விதை பிடிக்கக்கூடியது. ஏக்கருக்கு மூட்டை மூட்டையாக விதைக்காய் வாங்கும் செலவு அதில் மிச்சம்.

பெயரும் ஊருக்கு ஊர் மாறும். சாம்பார் வெங்காயம் என்பார்கள். தெற்கே போனால் ஈருள்ளி, கன்னியாகுமரிப் பக்கம் வெறும் உள்ளி. பெரிய வெங்காயத்துக்குத் தென் மாவட்டங்களில் பல்லாரி என்று பெயர், கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்த சரக்கு என்பதால்.

கடையில் உருண்டையாக, ரோஜா நிறத்தில் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதுவும் சின்ன வெங்காயமா?

அது பெங்களூர் ரோஸ் வெங்காயமாக இருக்கலாம். கர்நாடகத்தில் விளைவது, 2015இல் புவிசார் குறியீடும் வாங்கியது, நல்ல சரக்குதான். ஆனால் நம் சாம்பார் வெங்காயம் அல்ல. தனித்தனிக் காயாக, அடி சற்றுத் தட்டையாக, அளவெல்லாம் ஒன்றுபோல் இருக்கும். நம்முடையதில் ஒரு பக்கம் தட்டி, ஒரு பக்கம் புடைத்து, கொத்திலிருந்து பிரிந்த தடம் தெரியும். உரித்தால் பல காய்களுக்குள் இரட்டைப் பருப்பு மாதிரி இரண்டு பிரிவு இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சின்ன வெங்காயம் இனிக்கும் என்கிறார்கள். பச்சையாகக் கடித்தால் நாக்கு எரிகிறதே?

சின்ன வெங்காயத்தில் நீர் குறைவு, சாரம் அதிகம். சர்க்கரையும் கூடுதல், காரம் தரும் கந்தகச் சத்தும் கூடுதல். பச்சையாக இருக்கும்போது காரம் முன்னால் நின்று இனிப்பை மறைத்துவிடுகிறது. சூடு பட்டதும் காரம் ஆவியாகப் போய்விடும், மறைந்திருந்த இனிப்பு மேலே வரும். காரம் இனிப்பாக மாறுவதில்லை, விலகி வழி விடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் அரைகுறையாக வதக்கிய வெங்காயத்தில் இரண்டும் கெட்டான் ருசி வருகிறது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கழுத்தை. நிறத்தையும் பளபளப்பையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். காயின் மேல் முனையை, அதாவது தாள் என்கிற பச்சை இலை இருந்த இடத்தை, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அழுத்துங்கள். சுருங்கி, நூல் மாதிரி காய்ந்து, மூடிக் கிடந்தால் அது நன்றாக உலர்ந்த வெங்காயம். தடிப்பாகவோ மெத்தென்றோ இருந்தால் ஈரம் உள்ளே இறங்கியிருக்கிறது. வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் பத்து நாளில் அழுகும். என் அப்பாயி கண் தெரியாத காலத்திலும் சாக்குக்குள் கையை விட்டு, கழுத்தைத் தடவிப் பார்த்தே விலை சொல்லிவிடுவார்.

அடுத்தது சத்தம். ஒரு கை அள்ளிக் குலுக்கினால் சரசரவென்று காய்ந்த சருகு மாதிரி கேட்க வேண்டும். ஈர வெங்காயம் சத்தமே போடாது. அப்புறம் அடியைப் பாருங்கள். வேர் காய்ந்த குச்சமாக இருக்கலாம். வெள்ளையாகப் புது வேர் எட்டிப் பார்த்தால் ஈரத்தில் கிடந்த சரக்கு என்று அர்த்தம். மூட்டையை முகர்ந்தும் பாருங்கள். நல்ல வெங்காயம் உரிக்காமல் இருக்கும்போது வாசனையே அடிக்காது. மூக்கில் ஏறும் நாற்றம் வந்தால் உள்ளே எங்கோ ஒன்று அழுகிக் கிடக்கிறது, அது தன் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

மேல்தோல் கொஞ்சம் உதிர்ந்திருப்பது குறையே இல்லை. அது உலர்ந்ததற்கு அடையாளம். தோல் ஒன்றுகூட உதிராமல், மண்ணும் ஒட்டி, ஈரச் சிவப்பில் மினுங்குகிற வெங்காயத்தைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

சின்ன வெங்காயத்திலேயே பொடிக் காய் நல்லதா, பெரிய காய் நல்லதா?

சமையலைப் பொறுத்தது. சாம்பாரில் முழுதாகப் போட நடுத்தரம். வடகத்துக்கும் இடித்துப் போடுவதற்கும் பொடி போதும், விலையும் குறையும். உரிக்க நேரமில்லாதவர்கள் பொடி வாங்கினால் பாதியில் மனம் விட்டுப்போகும்.

எந்த மாதம் வாங்கினால் நல்லது?

தமிழ்நாட்டில் முக்கியமாக இரண்டு பட்டம், அதாவது நடவுப் பருவம். சித்திரை, வைகாசியில் நட்டது ஆடி, ஆவணியில் வரும். புரட்டாசி, ஐப்பசியில் நட்டது மார்கழியிலிருந்து மாசிக்குள் வரும். ரகத்தையும் நிலத்தையும் பொறுத்து 65 முதல் 90 நாள் பயிர். பெரம்பலூர், திருச்சி, நாமக்கல், திண்டுக்கல், திருப்பூர், கோவை, தென்காசி என்று பல மாவட்டங்களில் பயிர் இருப்பதால் வருடம் முழுக்க ஏதோ ஒரு ஊர் சரக்கு சந்தையில் இருக்கும்.

வாங்கி வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது தை, மாசி அறுவடை. மழை விட்டு, வெயில் ஏறும் நேரம், காய் நன்றாகக் காய்ந்து வரும். மழையில் நனைந்து பிடுங்கிய வெங்காயத்தை எந்த மாதத்திலும் மொத்தமாக வாங்காதீர்கள், வாரத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். விலை திடீரென்று ஏறுவதும் மழையால்தான். பிடுங்கும் நேரத்தில் நாலு நாள் தொடர்ந்து பெய்தால் வயலிலேயே அழுகிவிடும். பெரிய வெங்காயத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் மகாராஷ்டிரத்திலிருந்து லாரியில் வந்து இறங்கும். இதற்குக் கர்நாடகத்து மைசூர்ப் பக்கமிருந்து வரத்து உண்டு. ஆனாலும் நம் வயலில் போனால் விலை ஏறிவிடும். நூறு ரூபாய் தாண்டினால் எல்லோரும் பேசுகிறோம். பத்து ரூபாய்க்கு விழுந்து, பிடுங்குகிற கூலிகூடத் தேறாமல் வயலிலேயே விட்டு உழுத வருடங்கள் எங்கள் வீட்டில் உண்டு. அப்போது யாரும் பேசவில்லை.

வீட்டில் எப்படி வைப்பது? எனக்கு இரண்டு வாரம்கூடத் தாங்குவதில்லை.

ஊரில் எப்படி வைக்கிறார்கள் என்பதை முதலில் சொல்கிறேன், வீட்டுக்கு வழி அதிலேயே இருக்கிறது.

வயலோரத்தில் பட்டறை போடுவோம். தரையில் கல் அடுக்கி, அதன்மேல் கழியோ மூங்கிலோ பரப்பி, தரைக்கும் வெங்காயத்துக்கும் நடுவே ஓரடி இடைவெளி விடுவோம். இரண்டு பக்கமும் காற்று புகும்படி படல் கட்டுவோம். மேலே தென்னங்கீற்று. பட்டறை நீளமாக இருக்கலாம், ஆனால் அகலம் குறைவாகத்தான் இருக்கும். அகலம் கூடினால் நடுவில் காற்று போகாது, வெங்காயம் சூடேறி வெந்துவிடும். காற்றடிக்கிற திசை பார்த்துத்தான் இடமே தேர்ந்தெடுப்பார்கள். இப்படி வைத்தால் மூன்று நாலு மாதம் சாதாரணமாக நிற்கும். இதற்கு மின்சாரம் வேண்டாம், குளிர்சாதனம் வேண்டாம். கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று, மேலே நிழல். இவை மட்டும் இருந்தால் போதும்.

வீட்டில் அதையே சிறியதாகச் செய்யுங்கள். கடையிலிருந்து வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறிக் காற்றிலோ நிழலிலோ ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். மெத்தென்று இருப்பதைப் பொறுக்கித் தனியே வைத்து முதலில் சமைத்து முடியுங்கள். மீதியை மூங்கில் கூடையிலோ ஓட்டைக் கூடையிலோ, இரண்டு மூன்று காய் உயரத்துக்கு மேல் போகாமல் போட்டு வையுங்கள். கூடையைத் தரையில் அப்படியே வைக்காமல் இரண்டு செங்கலின் மேல் வைத்தால் இன்னும் நல்லது. சமையல் மேடைக்குக் கீழே, பாத்திரம் கழுவும் தொட்டியை ஒட்டி வைக்கிறார்களே, அதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. உருளைக்கிழங்கோடும் சேர்க்க வேண்டாம். ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் கெடுக்கும்.

வாரம் ஒரு தடவை கையால் கிளறிவிடுங்கள். கிளறும்போதே அழுகினது கையில் தட்டுப்படும். இதைச் செய்தாலே சென்னை வீட்டில்கூட ஒன்றரை மாதம் தாங்குகிறது, நான் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

தோலோடு வைக்காதீர்கள். வெங்காயத்தின் இயல்பு கொஞ்சம் விசித்திரமானது. உறைநிலையை ஒட்டிய குளிரில் அது தூங்கும், நம் ஊர்ச் சூட்டிலும், அதாவது 25, 30 டிகிரியிலும், தூங்கும். இரண்டுக்கும் நடுவே, 10 முதல் 20 டிகிரிக்குள் வைத்தால்தான் விழித்துக்கொண்டு முளை விடும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு அந்த உறைநிலைக் குளிர் வரை இறங்காது, போதாததற்கு ஈரமும் உண்டு. கீற்றுக் கொட்டகையில் நாலு மாதம் நிற்கிற வெங்காயம் ஃப்ரிட்ஜில் முளைத்துப்போவது இதனால்தான்.

உரித்ததை வைக்கலாம், வைக்கத்தான் வேண்டும். உரித்த பின் கழுவ வேண்டாம். கழுவினால் துணியில் ஒற்றி ஈரம் போக்கி, மூடி இறுக்கமான டப்பாவில், அடியில் ஒரு துண்டுத் துணியோ காகிதமோ போட்டு வையுங்கள். நாலைந்து நாள் நன்றாக இருக்கும். வழுவழுப்பு தட்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முளைத்துவிட்டால்? தோலில் கருப்புப் பொடி இருந்தால்?

முளைத்தது கெட்டதல்ல. ஆனால் காயின் இனிப்பை முளை எடுத்துக்கொண்டிருக்கும், காய் தொளதொளவென்று ஆகியிருக்கும். சாம்பாருக்கு உதவாது. பொரியலுக்கோ முட்டைக்கோ முளையோடு சேர்த்து நறுக்கிப் போடலாம்.

கருப்புப் பொடி ஒருவகைப் பூஞ்சை. வெளித்தோலில் மட்டும் இருந்தால் தோலோடு இன்னொரு அடுக்கையும் உரித்து எறிந்துவிட்டு, காயையும் கையையும் கழுவிப் பயன்படுத்தலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் வேண்டாம். ஆஸ்துமா இருப்பவர்கள் அந்தப் பொடி பறக்க உரிக்கக் கூடாது. முதலில் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.

உரிப்பதுதான் பெரும்பாடு. சுலபமான வழி உண்டா?

உண்டு, இரண்டு வழி. எனக்குப் பிடித்தது வெயில் வழி. நாளைக்குச் சமைக்க வேண்டிய வெங்காயத்தை இன்றைக்கு வெயிலில் இரண்டு மணி நேரம் போடுங்கள். தோல் மொரமொரவென்று ஆகிவிடும். முறத்தில் போட்டு உள்ளங்கையால் தேய்த்துப் புடைத்தால் பாதித் தோல் பறந்துவிடும். மீதி, தலையும் வாலும் நறுக்கியதும் தானாகக் கழன்று வரும். ஊரில் வடகத்துக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ உரிக்கும்போது இப்படித்தான் செய்வோம்.

வெயில் இல்லாத வீட்டுக்குத் தண்ணீர் வழி. கொத்துகளைப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, அடிப்பக்கம் கொஞ்சமாக நறுக்கி மேல்நோக்கி இழுங்கள். தோல் சட்டை கழற்றுகிற மாதிரி வந்துவிடும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஊறிய வெங்காயம் அன்றைக்கே சமையலுக்குப் போக வேண்டும். வதக்கும் முன் துணியில் ஒற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் வதங்காமல் வேகத் தொடங்கிவிடும்.

கடையில் உரித்தே விற்கிறார்களே என்றால், பையை முகர்ந்து பார்த்து, வழுவழுப்பும் புளித்த வாடையும் இல்லையென்றால் வாங்கி, அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில் அரைக் கிலோ உரித்துவிடலாம். அந்த வேலையை அம்மாவோ மனைவியோ தனியாகத்தான் செய்ய வேண்டும் என்று எங்கேயும் எழுதவில்லை. என் மகன் எட்டு வயதிலிருந்து உரிக்கிறான்.

கண்ணீர் வராமல் நறுக்க முடியுமா?

முழுக்க நிறுத்த முடியாது, குறைக்கலாம். வெங்காயத்துக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் பொருள்கள் நாம் வெட்டும்போது கலந்து, ஒரு நொதியின் வேலையால் ஆவியாகி எழுகின்றன. அந்த ஆவி கண்ணின் ஈரத்தில் பட்டதும் எரிகிறது. கண்ணீரை வரவழைக்கிற அந்த நொதியைத் தனியாக அடையாளம் கண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். வெங்காயத்தின் வாசனைக்குக் காரணம் வேறு, கண்ணீருக்குக் காரணம் வேறு என்று அதனால்தான் தெரிந்தது.

ஆக, நசுக்கினால் ஆவி கூடும், கூர்மையாக வெட்டினால் குறையும். அரிவாள்மனையோ கத்தியோ, நன்றாகத் தீட்டி வைத்திருங்கள். உரித்த வெங்காயத்தைக் கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஆவி எழுவது மட்டுப்படும். மின்விசிறிக் காற்று உங்கள் பக்கமிருந்து வெங்காயத்தின் பக்கம் போகும்படி உட்காருங்கள்.

நறுக்கி வைத்த வெங்காயம் கிருமியை இழுக்கும், விஷம் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

வெங்காயம் காற்றிலிருந்து கிருமியை உறிஞ்சுவதெல்லாம் கிடையாது. எந்தக் காய்கறியையும் போல, நறுக்கித் திறந்து வைத்தால் கெடும். மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் சமைக்கலாம். பச்சையாகத் தின்பதாக இருந்தால் அப்போதே நறுக்குங்கள், ருசிக்காகத்தான்.

என் சாம்பாரில் வெங்காயம் நறநறவென்று நிற்கிறது. ஏன்?

புளித்தண்ணீரை அவசரப்பட்டு ஊற்றிவிடுகிறீர்கள். புளிப்பு சேர்ந்த தண்ணீரில் காய்கறி எளிதில் குழையாது. வெங்காயத்தின் அடுக்குகளைக் கட்டி வைத்திருக்கும் பசை புளிப்பில் கரைய மறுக்கும். எவ்வளவு நேரம் கொதிக்க விட்டாலும் உள்ளே பச்சை வாசனை நிற்கும்.

நான் செய்வது இது. நாலு பேருக்குச் சாம்பார் என்றால் இருபது வெங்காயம், முழுதாக. பெரிதாக இருப்பதை மட்டும் நெடுக்கில் இரண்டாகப் பிளப்பேன். அடியை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு வெட்டினால் அடுக்குகள் பிரியாமல் நிற்கும். கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளித்த நல்லெண்ணெயில் வெங்காயத்தைப் போட்டு, நடுத்தரத் தீயில், அவ்வப்போது புரட்டி, ஏழெட்டு நிமிடம். முதலில் வெள்ளை மாறும், அப்புறம் கண்ணாடி மாதிரி ஆகும், அப்புறம் பக்கங்களில் பொன் நிறத்தில் புள்ளி விழும். அந்தப் புள்ளி விழும் வரை காத்திருங்கள். கறிவேப்பிலை போட்டு, அரைக் குவளை வெறும் தண்ணீர் ஊற்றி, மூடி மூன்று நிமிடம் வேக விட்டு, ஒன்றைக் கரண்டியால் அழுத்திப் பாருங்கள். அழுந்தினால் புளித்தண்ணீர், மஞ்சள்தூள், சாம்பார்ப் பொடி, உப்பு. பச்சை வாசனை போனதும் வேக வைத்த பருப்பு. இறக்கும்போது வெங்காயம் முழுசாக மிதக்கும், வாயில் போட்டால் கரையும். வெங்காய சாம்பாருக்கு வேறு காய் எதையும் நான் சேர்ப்பதில்லை. முருங்கைக்காய் போட்டால் அது முருங்கைக்காய் சாம்பார் ஆகிவிடும்.

காரக்குழம்புக்கும் வத்தக்குழம்புக்கும் இதே கதைதான். எண்ணெய் மட்டும் கூட, வெங்காயத்தோடு பூண்டும்.

மிக்ஸியில் அரைத்தால் கசக்கிறதே?

பச்சையாக மாவு போல அரைத்தால் கசக்கும். மிக்ஸியின் வேகத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் உடைந்து, காரமும் கசப்பும் மொத்தமாக வெளியே வந்துவிடுகிறது. அதனால் சட்னிக்கு வதக்கி, ஆற வைத்து அரையுங்கள். பச்சை வெங்காயச் சட்னிதான் வேண்டும் என்றால் அம்மியில் நைத்தோ, மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் சுற்றியோ எடுத்து, காய்ந்த மிளகாய், புளி, உப்பு சேர்த்து, மேலே நல்லெண்ணெய் தாராளமாக விட்டு உடனே சாப்பிட்டுவிட வேண்டும். சாயங்காலத்துக்கு வைத்தால் கசக்கும். மீன் குழம்புக்கும் நாட்டுக்கோழிக்கும் வெங்காயத்தை இடித்துப் போடுவது இன்னும் பல வீடுகளில் வழக்கம். அந்தக் குழம்பின் கெட்டியும் மணமும் அரைத்ததில் வராது.

பெரிய வெங்காயத்துக்குப் பதிலாக எவ்வளவு போடுவது?

நடுத்தரமான ஒரு பெரிய வெங்காயத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து. சின்ன வெங்காயம் நீர் குறைவாக விடும் என்பதால் கொஞ்சம் எண்ணெயோ தண்ணீரோ கூடுதலாகக் கேட்கும். பிரியாணி மேலே தூவும் பொன் வறுவல், பஜ்ஜி, தயிர்ப் பச்சடி இவற்றுக்குப் பல்லாரியே பொருத்தம். எல்லாவற்றுக்கும் சின்ன வெங்காயம்தான் என்று அடம் பிடிக்க வேண்டியதில்லை.

வெங்காய வடகம் வீட்டில் போட முடியுமா?

மொட்டைமாடியும் பத்து நாள் நல்ல வெயிலும் இருந்தால் போடலாம். மாசி, பங்குனி, சித்திரை அதற்கான மாதம். வெங்காயம் மலிந்து, வெயிலும் ஏறியிருக்கும் நேரம்.

ஒரு கிலோ சின்ன வெங்காயம், நூறு கிராம் பூண்டு, நூறு கிராம் உடைத்த கருப்பு உளுந்து, ஐம்பது ஐம்பது கிராம் கடுகும் சீரகமும், இரண்டு தேக்கரண்டி வெந்தயம், மஞ்சள்தூள், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, உப்பு. உளுந்தை ஒரு மணி நேரம் ஊற வைத்து வடித்துக்கொள்ளுங்கள். வெங்காயத்தையும் பூண்டையும் உரலில் ஒன்றிரண்டாக இடித்து, எல்லாவற்றையும் பிசைந்து, ஒரு இரவு மூடி வையுங்கள். மறுநாள் காலை கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு எலுமிச்சை அளவு உருண்டை பிடித்து வெயிலில் வையுங்கள். சாயங்காலம் எடுத்து, உருண்டைகளை உதிர்த்து, பாத்திரத்தில் ஊறி நிற்கும் சாற்றையும் சேர்த்துப் பிசைந்து வையுங்கள். மறுநாள் மறுபடி உருண்டை, மறுபடி வெயில். இப்படி மூன்று நாள். அதற்கப்புறம் உருண்டையைக் கலைக்காமல், நடுவும் காயும் வரை ஒரு வாரம் போல உலர விடுங்கள். கறுத்து, கல் மாதிரி ஆகிவிடும். மண்சட்டியிலோ கண்ணாடிப் புட்டியிலோ போட்டால் ஒரு வருடம் நிற்கும்.

குழம்பு இறக்கும்போது ஒரு துண்டு உதிர்த்து எண்ணெயில் பொரித்துக் கொட்டிப் பாருங்கள். தெருமுனை வரை வாசனை போகும். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் இந்த வாசனையில் மயங்கித்தான் தங்கள் ஊருக்கும் கொண்டு போனார்கள். வடகம் என்ற நம் சொல் அங்கே வடுவான் ஆகி, இன்றும் அந்தப் பெயரில் பிரெஞ்சுச் சமையலில் ஒரு மசாலாவாகப் புழங்குகிறது.

சின்ன வெங்காயம் இல்லாமல் செய்யவே முடியாத பண்டங்கள் எவை?

என் பட்டியலில் முதலில் வருவது பள்ளிபாளையம் சிக்கன். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தின் பெயரில் வழங்குவது. மசாலாப் பொடி எதுவும் கிடையாது. சின்ன வெங்காயம், விதை நீக்கிய காய்ந்த மிளகாய், தேங்காய்ப் பல், அவ்வளவுதான். அதில் பல்லாரியைப் போட்டால் நீர் விட்டு, கோழி வறுபடாமல் வெந்துவிடும். கொங்குப் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம் அடுத்தது. திருநெல்வேலியில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சொதியில், தேங்காய்ப்பாலுக்குள் முழு வெங்காயம் இருந்தால்தான் அது சொதி. கன்னியாகுமரி மாவட்டத்து உள்ளித்தீயலில் வறுத்தரைத்த தேங்காய்க் கருமைக்குள் வெங்காயத்தின் இனிப்பு ஒளிந்திருக்கும். செட்டிநாட்டில் இட்லிக்கு வெங்காயக் கோசு என்கிற தொடுகறியும் உண்டு.

யாழ்ப்பாணத்திலும் இது முக்கியமான பயிர், வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்ப்பது. இலங்கையின் சீனிச் சம்பல் சின்ன வெங்காயத்தின் இனிப்பை முழுக்க வெளியே கொண்டுவரும் பண்டம். மெலிதாக நறுக்கிய வெங்காயத்தைக் குறைந்த தீயில் நெடுநேரம் வதக்கி, மிளகாய்த்தூள், கறுவாப்பட்டை, புளி, மாசிக் கருவாடு, கடைசியில் சீனி. அவசரப்பட்டால் அது சம்பல் ஆகாது.

பழைய சோற்றுக்கு அது ஏன் அவ்வளவு பொருந்துகிறது?

இரவு ஊறிய சோற்றின் மெல்லிய புளிப்புக்கும் மோரின் குளிர்ச்சிக்கும் காரமாக, கடிக்க மொறுமொறுவென்று ஒன்று வேண்டும். பல்லாரி பெரிய துண்டாக வாயை அடைக்கும். இது ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவிலேயே பிறந்திருக்கிறது. கத்திகூட வேண்டாம். எங்கள் அப்பா வயலில் உள்ளங்கையில் வைத்து ஒரு குத்து குத்தி, தோலை ஊதிவிட்டுக் கடிப்பார். கம்பங்கூழுக்கும் அப்படியே. வாய் நாற்றம் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் உப்பும் எலுமிச்சையும் பிசிறிப் பத்து நிமிடம் வைத்துச் சாப்பிடலாம், காரம் தணியும். புளிப்பு பட்டதும் வெங்காயம் பளீரென்று இளஞ்சிவப்பாக மாறும், பார்க்கவே அழகாக இருக்கும்.

சாப்பிட்டால் வயிறு உப்புகிறதே?

வெங்காயத்தில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர் சிலருக்குச் செரிக்காது, குடலில் புளித்துக் காற்றாகும். பச்சையாகத் தவிர்த்து, நன்றாக வேக வைத்துக் குறைவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்படியும் தொல்லை இருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள். சளி, சர்க்கரை, இதயம் என்று எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்று சொல்கிறவர்கள் பேச்சை நம்பி, சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மொட்டைமாடியில் தொட்டியில் வளர்க்கலாமா?

தாராளமாக. முளைத்துப்போனதைத் தூக்கிப் போடாமல் அதையே நடுங்கள். அரையடி ஆழமுள்ள அகலமான தொட்டி போதும். மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து, காய்க்குக் காய் நாலு விரல் இடைவெளி விட்டு, முனை மட்டும் வெளியே தெரியும்படி ஊன்றுங்கள். நாள் முழுக்க வெயில் படும் இடமாக இருக்கட்டும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஒரு மாதத்தில் தாள் கிடைக்கும். ஒரு செடியில் ஒன்றிரண்டு தாளாகக் கிள்ளி, பருப்பு போட்டுப் பொரியல் செய்யலாம், முட்டையில் போடலாம். எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் கீழே காய் பிடிக்காது.

இரண்டு மாதம் தாண்டியதும் தாள் மஞ்சளாகித் தானாகவே சாயும். சாய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொத்தோடு பிடுங்கி, மண்ணை உதறி, தாளை அறுக்காமல் நிழலில் நாலைந்து நாள் போட்டு வையுங்கள். கழுத்து நூல் மாதிரி சுருங்கினதும் தாளை அறுத்துவிட்டுக் கூடைக்கு மாற்றலாம்.